மண்ணுக்குள் போன பெட்டிக்குத் தவணை

தச்சர் எலீசியுவுக்கு என் தாத்தா கொடுக்க வேண்டியிருந்தது நானூற்று எண்பது குருசேய்ரோ. ஒரு சவப்பெட்டியின் பாக்கி அது. தாத்தா தனக்கென்று செய்யச் சொன்ன பெட்டி. கடன் பாதிகூட அடையவில்லை, அதற்குள் பெட்டி வேறு ஒருவனைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் போய்விட்டது.

அந்த வேறு ஒருவன் கங்காணி பல்தசார். என் அம்மாவைக் கொன்றவன் என்று நான் சொல்வேன். தாத்தா அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் ஆலைப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள் செத்தால் நகராட்சிப் பெட்டி வரும். ஊர் முழுக்க ஒரே பெட்டி. கல்லறைத் தோட்டம் வரை பிணத்தைச் சுமக்கும். குழிக்கரையில் ஆளைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, அடுத்த ஆளுக்காகத் திரும்பிப் போய்விடும். வாடகைக் கார் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், ஆனால் அதில் போகப் பயப்படாதவர் ஒருவரும் கிடையாது.

என் அம்மா அமாரா அதில்தான் போனாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அம்மா மாசமாக இருந்தாள். களை வெட்டுகிற வேலையில் அன்றாடம் ஆளுக்கு ஒரு பங்கு நிலத்தைக் கங்காணி கோலால் அளந்து விடுவான். பொழுது சாய்வதற்குள் பங்கை முடிக்காவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. பல்தசாரின் கோல் சரியான அளவைவிட நீளமானது என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது. அவன் அதை யாரையும் தொட விட்டதில்லை. அம்மா மதியத்துக்கு மேல் முடியவில்லை, வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். "பங்கு முடிஞ்சா வீட்டுக்குப் போ, முடியலன்னாலும் போ, நாள் கூலி மட்டும் கேக்காத" என்றான். அம்மா முடித்துவிட்டுத்தான் வந்தாள். வந்த இரவே ரத்தம் போக ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் இறந்துபோனாள்.

குழிக்கரையில் பெட்டியைச் சாய்த்தபோது ஒரு சத்தம் கேட்டது. நனைந்த மூட்டையை வண்டியிலிருந்து தள்ளினால் வருகிற சத்தம். தாத்தா என் காதைப் பொத்தக் கையைத் தூக்கினார், அதற்குள் கேட்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மாவின் தூளியைச் சுருட்டி எடுத்துவந்து தன்னுடையதற்குப் பதிலாகக் கட்டிக்கொண்டார். எங்கள் பக்கம் பெரியவர்களும் தூளி கட்டித்தான் படுப்பார்கள். அதற்குப் பிறகு அவர் படுத்ததெல்லாம் நீலக்கோடு போட்ட அந்தத் தூளியில்தான்.

தாத்தா பெயர் ஒனொராத்து. அம்மாவின் அப்பா. வறண்ட மேட்டு நிலத்திலிருந்து பஞ்சம் பிழைக்கக் கீழே இறங்கி வந்தவர். என்னை அவர்தான் வளர்த்தார். என் புருஷன் சாவோ பாவுலோவுக்கு வேலை தேடிப் போகிறேன் என்று லாரி ஏறி, பிறகு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாமல் இருந்துவிட்டபோது, நானும் என் மகள் லீக்காவும் மறுபடியும் அவர் வீட்டுக்கே வந்தோம். அவர் தூளியைக் கதவுப் பக்கம் நகர்த்திக் கட்டி எங்களுக்கு அறையை விட்டுக் கொடுத்தார். லீக்கா கொஞ்ச நாளில் அவரோடேயே தூளியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

கொடுப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. மரவள்ளி மாவு வாங்கிவந்தால் பாதி வழியிலேயே போய்விடும். "யாருக்குக் குடுத்தீங்க?" என்றால், "பாத்தேன், அவங்க வீட்டு அடுப்பு எரியல" என்பார். எரியாத அடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கிற மனுஷனோடு குடித்தனம் செய்வது லேசு இல்லை. நான் சண்டை போடுவேன். அவர் தலையாட்டுவார். அடுத்த வாரம் மறுபடியும் மாவு குறையும்.

தனக்கென்று அவர் கேட்டது அந்தப் பெட்டி ஒன்றைத்தான். கூன் விழுந்து, வெட்டுக் கத்தி பிடிக்க முடியாமல், ஆலை மாடுகளுக்குத் தீனி வைக்கிற வேலைக்கு மாறியதும் எலீசியுவிடம் போய்ச் சொன்னார். தொள்ளாயிரம் விலை, வாரம் பதினைந்து தவணை. "இந்த வீட்டுல இன்னொருத்தர் வாடகைக் கார்ல போகக் கூடாது. யார் முன்னாடி போறாங்களோ அவங்களுக்கு இது" என்றார்.

பெட்டியை வீட்டு உத்தரத்தின் மேல் ஏற்றி வைத்தோம். எலிக்குப் பயந்து விதைச் சோளத்தை அதற்குள் போட்டேன். கோழி ஒன்று ஏறிப்போய் அதிலேயே முட்டையிடப் பழகிக்கொண்டது. தாத்தா கீழே இருந்து அண்ணாந்து பார்த்து, "எனக்கு முந்தி அவ குடி போயிட்டா" என்பார். எனக்கும் அதை அண்ணாந்து பார்ப்பது ஒரு நிம்மதி. கரும்புக்காட்டில் இடுப்பு ஒடிந்து வருகிற நாளில்கூட, கூரைக்குக் கீழே அது இருக்கிறது என்று நினைத்தால் தூக்கம் வந்துவிடும். அந்தச் சத்தத்தை இனிமேல் கேட்க வேண்டாம் என்ற நிம்மதி.

ஜூன் மாசம், மழை விடாமல் பெய்த வாரத்தில் பல்தசார் செத்தான். அவன் காலில் புண் வந்து நடக்க முடியாமல் போனதும் ஆலை அவனை விலக்கிவிட்டிருந்தது. ரோட்டோரம் ஒரு கொட்டகையில் அவனும் மனைவி தோர்வலினாவும் கிடந்தார்கள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்?

நான் மழையில் நனைந்து வேலையிலிருந்து வந்தபோது என் சோளம் தரையில் சாக்கின் மேல் குவிந்திருந்தது. கோழி அதைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. உத்தரம் காலியாக இருந்தது. தாத்தா அடுப்பருகில் உட்கார்ந்து சட்டையைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி எங்க தாத்தா?"

"தோர்வலினா இந்தப் பக்கமாப் போனா. நகராட்சிக்கு. மழையில முக்காடுகூட இல்லாம."

"பெட்டி எங்கன்னு கேட்டேன்."

"குடுத்துட்டேன் புள்ள."

 "அவனுக்கா? அம்மாவை என்ன பண்ணான்னு மறந்துபோச்சா உங்களுக்கு?"

"மறக்கல."

"அப்புறம்?"

"பல்தசாருக்கு எதுவும் கேக்காது. செத்துட்டான்." சட்டையைத் திருப்பிப் பிடித்தார். "குழிக்கரையில நிக்கப்போறது தோர்வலினா. அவளுக்குக் காது இருக்கு."

"உங்களுக்கு வரும்போது? நான் நிப்பேனே குழிக்கரையில. எனக்குக் காது இல்லையா?"

 அப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் யோசிக்கவே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

எங்கள் வழக்கத்தில் காலையில் எழுந்ததும் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் கேட்காமல் வாசல் தாண்ட மாட்டோம். மறுநாள் நான் கேட்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே போனேன். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். லீக்கா மட்டும் என் பங்குக்கும் சேர்த்து, "ஆசீர்வாதம் தாத்தா, ஆசீர்வாதம் தாத்தா" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் சனிக்கிழமை தவறாமல் பதினைந்தைக் கொண்டுபோய்க் கட்டினார். ஒரு தடவை நானும் பின்னாலேயே போனேன்.

"மண்ணுக்குள்ள போன பெட்டிக்கு நாங்க ஏன் கட்டணும் அண்ணே? தோர்வலினாகிட்டக் கேளுங்க" என்றேன்.

எலீசியு இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை. "பெட்டி சொன்னது பெரியவர். யாரை உள்ள படுக்க வெச்சாருங்கறது அவர் பாடு. பெட்டியில குறையிருந்தாச் சொல்லு. உள்ள இருக்கிறவன் இதுவரைக்கும் வந்து எதுவும் சொல்லல."

"பாக்கி நானூத்து அறுபத்தஞ்சு. சரிதானே எலீசியு?" என்றார் தாத்தா, பக்கத்தில் நான் நிற்பதே தெரியாத மாதிரி.

"சரிதான் பெரியவரே. இந்தக் கணக்குத் தீர்ற வரைக்கும் நீங்க சாகக் கூடாது. சூசையப்பர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். அவரும் நம்ம தொழில்காரர்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பரில் ஆலை ஓட ஆரம்பிக்கும்போது தாத்தாவுக்கு இருமல் வந்தது. முதலில் மாட்டுத் தொழுவம் வரை போய் வந்தார், பிறகு வாசல் வரை, பிறகு தூளியோடு சரி. தவணை நின்றது. முந்நூறு பாக்கி இருந்தது.

நான் எலீசியுவிடம் போனேன். இன்னொரு பெட்டி, வெள்ளைப் பலகையில் சின்னதாக இருந்தாலும் போதும், கரும்பு வெட்டு முடிவதற்குள் கட்டிவிடுகிறேன் என்றேன். அவர் தரையில் கிடந்த மரச்சுருளைக் காலால் ஒதுக்கினார்.

"பலகைக்காரன் இப்ப ரொக்கம் இல்லாம ஒரு சட்டமும் குடுக்கறதில்லை தங்கச்சி. பழைய பாக்கிக்கே அவன் என் கழுத்தைப் பிடிக்கிறான். எனக்கும் நாலு வயிறு இருக்கு. வேற யாராவதா இருந்தா வாய்கூசாம இல்லைன்னுடுவேன். உங்க தாத்தாவுக்கு இல்லைன்னு சொல்ல வைக்கிறியே."

அங்கிருந்து நேராகத் தோர்வலினாவின் கொட்டகைக்குப் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழியிலேயே மனசுக்குள் சேர்த்துக்கொண்டு போனேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடிக்கயிறு தாழாமல் நடுவில் ஒரு கோலை முட்டுக் கொடுத்திருந்தாள். கறுத்த, கைபட்டு வழவழப்பான கோல். பல்தசார் நிலம் அளந்த கோல் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"பெரியவருக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

"சாகப்போறார். பெட்டி இல்லை. பெட்டி எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

அவள் கையிலிருந்த ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "என்கிட்ட ஒரு கோழி இருக்கு சுல்மீரா. பிடிச்சுட்டுப் போ. வேற எதையாவது பாத்தியானா அதையும் எடுத்துக்க. வெறும் வாய்ப்பேச்சுக்குச் சொல்லல, உள்ள போய்ப் பாரு."

உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு சட்டி, ஒரு பாய், மாதா படம். சேர்த்துவைத்த வார்த்தை எதையும் நான் சொல்லவில்லை. கோழியையும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது அவளை வெறுக்க முடியாமல் போனதே பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. அதுவரை வெறுப்பாவது கையில் இருந்தது.

நான் எங்கெங்கே போய் வந்தேன் என்று யார் சொன்னார்களோ, அன்றைக்குச் சாயங்காலம் தாத்தா கூப்பிட்டார்.

"எங்க மேட்டுப் பக்கம் பெட்டி ஏது? மரமே கிடையாது. செத்தவங்களைத் தூளியோட கழியில கட்டி ரெண்டு பேர் தூக்கிட்டுப் போவாங்க. தூளியிலேயே இறக்கிட்டா சத்தம் வராது."

தூளியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆனா இது நல்ல துணி. உள்ள விட்டுட்டா லீக்கா எதுல படுப்பா?" இருமி முடித்தார். "வேணாம், என்னை இறக்கிட்டுத் தூளியை உருவிக்க. மெதுவா உருவினா..."

"கொஞ்சம் சும்மா இருங்க தாத்தா" என்றேன். "செத்த பெறகாவது ஒரு சாமானை நீங்களே வெச்சுக்குங்க."

அவர் சிரித்தார். நாலு மாசத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் முழு வார்த்தை அது. லீக்கா என்னோடு பாயில் படுத்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பிறகு திரும்பி வந்து தூளியருகே குனிந்து, "ஆசீர்வாதம் தாத்தா" என்றேன்.

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் புள்ள" என்றார். அவ்வளவுதான். இடையில் எதுவும் நடக்காத மாதிரி, கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

அக்டோபர் நடுவில், நான் காட்டில் கரும்புக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தபோது லீக்கா ஓடிவந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கையில் செபமாலை இருந்தது, உயிர் இல்லை.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஒருவர் நகராட்சிக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தூளியிலேயே போகட்டும் என்றேன். சரி, கழி வேண்டுமே என்றார்கள். மூங்கில் ஒன்று வெட்டி வந்து கட்டிப் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போக இரண்டு மேடு ஏற வேண்டும். மூங்கில் தூக்கும்போதே வளைந்து, தாத்தாவின் முதுகு தரையைத் தொட்டது.  வழியில் முறிந்தால் அந்தச் சத்தத்தை நடுரோட்டில் கேட்க வேண்டியிருக்கும்.

அப்போதுதான் தோர்வலினா வந்தாள். கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கோலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள்.

"இது வளையாது" என்றாள்.

 அந்தக் கோலைத் தெரியாதவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. எல்லார் முதுகும் அதற்குக் கீழே குனிந்த முதுகுதான். எலீசியு முன்னால் வந்து அதை வாங்கித் தரையில் கிடத்தினார். தன் மடக்கு அளவுகோலைப் பையிலிருந்து எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வைத்துப் பார்த்தார்.

"பத்துச் சாண் இருக்கணும்" என்றார். "பதினொரு சாண் நாலு விரல் இருக்கு."

யாரோ பின்னாலிருந்து, "அப்போ நீளம் அகலம் ரெண்டுலயும் கூட்டிப் பாத்தா, நாலு நாளைக்கு ஒரு நாள் சும்மா உழைச்சிருக்கோம்" என்றார்.  தோர்வலினா தலை குனியவில்லை. "எனக்குத் தெரியும். அதை வெச்சுத்தான் நான் சாப்பிட்டேன். அதனாலதான் கொண்டுவந்தேன்" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் அம்மா கடைசியாகக் குனிந்தது இந்தக் கோல் அளந்த நிலத்தில். அதில் கட்டி அவள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதா? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தரையில் தூளி கிடந்தது, மூங்கில் அழுத்திய தடம் துணியில் அப்படியே இருந்தது. தாத்தாவாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. வளையாது என்பது மட்டும்தான் மண்டைக்குள் நின்றது.

"கட்டுங்க" என்றேன்.

கட்டினார்கள். இரண்டு பேர் தூக்கினார்கள். பத்துச் சாண் கோலாக இருந்திருந்தால் பின்னால் நின்றவருக்குத் தோள் வைக்க இடமிருந்திருக்காது. அந்தக் கூடுதல் நீளம்தான் அவர் தோளில் இருந்தது. மேடு ஏறும்போது நான் பின்னாலேயே நடந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

குழிக்கரையில் தூளியின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி மெதுவாக இறக்கினார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கயிறு தளர்ந்ததைப் பார்த்துத்தான் தாத்தா அடிக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. தோர்வலினா என் பக்கத்தில் நின்றாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் எலீசியுவிடம் இருபது குருசேய்ரோ கொண்டுபோனேன்.

"எனக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு வெச்சுக்கோயேன் தங்கச்சி" என்றார்.

"பலகைக்காரனுக்கு ஞாபகம் இருக்குமே" என்றேன்.

அவர் வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபது. தோர்வலினா கரும்புக் கட்டுக் கட்டுகிற வேலைக்கு வந்துசேர்ந்தாள். அந்த வயசுக்கு அவள் இடுப்பு தாங்காது, இருந்தாலும் வந்தாள். கூலி வாங்கிய கையோடு என்னிடம் ஐந்து நீட்டுவாள். முதல் வாரம் நான் வாங்கவில்லை. இரண்டாம் வாரம் வாங்கினேன். அவளோடு பேச எனக்கு அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. பல்தசாரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. பெட்டிக்குக் கட்டினேன், அவனுக்குக் கட்டவில்லை. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில வாரம் அது வேறு வேறாகத் தெரியாது. அப்போதும் கட்டினேன்.

ஜனவரிக் கடைசியில் முடிந்தது. அன்றைக்குத் தோர்வலினாவும் கூட வந்தாள். கோல் இத்தனை நாளும் என் வீட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது, அதையும் எடுத்துப் போயிருந்தேன். கடைசி இருபதை எலீசியுவின் மேஜை மேல் வைத்தேன். கோலைக் காட்டி, "இதைப் பத்துச் சாணுக்கு அறுத்துக் குடுங்க அண்ணே" என்றேன்.

"எதுக்கு?"

"திங்கக்கிழமை புதுக் கங்காணி அளக்க வருவான். அவன் கோலுக்குப் பக்கத்துல இதைப் போட்டுப் பாக்கறோம்."

எலீசியு புருவத்தைத் தூக்கினார். பென்சிலால் ஒரு கோடு போட்டார். வயிரம் பாய்ந்த மரம், ரம்பம் கத்தியது. அறுபட்ட துண்டு மேஜையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. தோர்வலினா குனிந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுப்புல வெச்சா பீன்ஸ் வேக ஆகும்" என்றாள்.

எலீசியு நோட்டின் மேல் விழுந்திருந்த மரத்தூளை ஊதிவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"ஒனொராத்துப் பெரியவர் கணக்குத் தீர்ந்தது" என்றார்.